மிஹ்லாரின் மீற்றர்

வீடு என்னுடையது. வளவும் அதிலுள்ள தென்னைகளும் வாப்பா எனக்குச் சீதனமாக எழுதித் தந்தவை. மாப்பிள்ளையாக வந்த மிஹ்லார் கொண்டுவந்தது ஒரு பெட்டி உடுப்பும், கேட்கவும் திருப்பிப் பேசவும் கூடிய ஒரு ரேடியோவும்தான். சாய்ந்தமருதில் மற்றப் பெண்கள் கொடி கட்டி உடுப்புக் காயப்போடுகிற இடத்தில் என் வளவில் அன்டெனாக் கம்பி ஓடும். ஒருநாள் தெரியாமல் அவருடைய சாரத்தை அதில் போட்டுவிட்டேன். பெற்ற பிள்ளையைக் கிணற்றில் போட்டது போல் கத்தினார்.

இரண்டு தென்னைகளுக்கு இடையே கம்பி. அதன் நடுவிலிருந்து கறுப்புக் கேபிள் ஒன்று இறங்கி, யன்னல் வழியாக அவருடைய மேசைக்கு வரும். எண்பது மீற்றர் என்பார். அது கம்பியின் நீளம் இல்லையாம், அலையின் நீளமாம். கல்யாணமான புதிதில், நான் கேட்காமலே விளக்கினார்.

மிஹ்லார் விஞ்ஞான ஆசிரியர். மனிதர் சொல்வதை நம்பமாட்டார், மீற்றர் முள் காட்டுவதைத்தான் நம்புவார். பள்ளிக்கூடம் விட்டு வந்து பின்னேரம் அஸர் தொழுதால், பொழுதுபட்டு மஃரிப் தொழுகைக்கு வாங்கு சொல்லும் வரைக்கும் அந்த மேசைதான். மறுபக்கத்தில் அநேகமாக ஒரே ஆள்தான் இருப்பார், ஹப்புத்தளைத் தோட்டத்துச் சவரிமுத்து மாஸ்டர். கிழவர், மனைவி இல்லாதவர், காதில் மெஷின் போட்டவர். இருவரும் ஒருவரையொருவர் நேரில் கண்டதே இல்லை. ஆனாலும் எங்கள் வீட்டில் மழையா வெயிலா, மீன் என்ன மீன் என்பதெல்லாம் அந்த மலைக்குத் தெரியும். என் உம்மா மௌத்தான கிழமை, "தங்கச்சிகிட்ட மைக்கக் குடுங்க மிஹ்லார்" என்று கேட்டு, என்னோடு சேர்ந்து அழுதார். என் கூடப்பிறந்தவர்கள்கூட அப்படி அழவில்லை.

ரேடியோக்காரர்களுக்கு ஒரு பழக்கம் இருக்கிறது. உன் சத்தம் எப்படி வருகிறது என்று ஒருவருக்கொருவர் சொல்ல வேண்டும். கேட்கிறதோ இல்லையோ, எல்லாரும் "அம்பத்தொன்பது" என்பார்கள். நூற்றுக்கு நூறு மாதிரி அது. கல்யாண வீட்டில் சாப்பாடு எப்படி என்றால் அருமை என்கிறோமே, அந்த வகை மரியாதை. சவரிமுத்து மாஸ்டருக்கு மட்டும் அந்த மரியாதை வராது. உள்ளதைச் சொல்லிவிடுவார்.

போன வருடம் ஒரு பின்னேரம் அவர் சொன்னார்: "மிஹ்லார், ஒங்க சத்தம் நாளுக்கு நாள் கொறையுதுங்க. கடக்கரையில இருக்கீங்க, கேபிளுக்குள்ள தண்ணி போயிருக்கும். எறக்கிப் பாருங்க."

"என்ட கேபிள்ல ஒரு பிழையும் இல்ல மாஸ்டர். மீற்றர் முள் ஒண்டிலயே நிக்குது. முந்தி ரெண்டு வரைக்கும் ஆடினது. முள் கீழ நிண்டாத்தான் திறம்."

"மீற்றர் கெடக்கட்டும். எனக்குக் கேக்கலையே."

"அப்ப உங்கட காதத்தான் கொண்டுபோய்க் காட்டோணும்."

குசினியில் கறி கிண்டிக்கொண்டிருந்த எனக்கும் அது கேட்டது. "சரிங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு மாஸ்டர் போனார்.

"காது கேளாத மனிசனுக்கு இப்பிடியா சொல்ற?" என்று ஏசினேன்.

"நாளைக்கு வருவார் புள்ள, நீ பேசாம இரி."

அவர் வரவில்லை. மறுநாளும் இல்லை, அதற்குப் பிறகும் இல்லை. மிஹ்லாரும் பிடிவாதமாக மாஸ்டரின் பெயரைச் சொல்லி அழைக்கவில்லை. பொதுவாக, யாராவது இருக்கிறீர்களா என்று அழைத்துவிட்டுக் காத்திருப்பார். பதில் வராது. வேறு யாரும்கூட வருவது குறைந்தது. காலம் சரியில்லை, அலை தூரம் போவதற்குச் சூரியன் சரியில்லை என்றார். இரைச்சல் அடங்கிவிட்டது, எண்பது மீற்றர் பேண்ட் எவ்வளவு அமைதி பார் என்று பெருமைப்படவும் செய்தார். இரைச்சல் இல்லாத வீடு எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது, நாசமாய்ப் போக.

"போன்ல ஒருக்காக் கதைங்களன்" என்றேன்.

"மன்னிப்புக் கேக்கிறதுக்கு நான் என்ன களவா எடுத்த? அவர் வரட்டும்."

வாய்தான் அப்படிச் சொல்லியது. சோறு இறங்கவில்லை அவருக்கு. மாரிக்குப் பிறகு வெயில் வந்தது. நோன்பு வந்தது, பெருநாளும் போனது. அந்த மேசையில் ஒரு மனிதர் ஆளில்லாத வீட்டுக் கதவைத் தட்டுவது போல் தட்டிக்கொண்டே இருந்தார்.

இந்த மாரியில் அடித்த காற்றில் தென்னை மட்டையொன்று விழுந்து கம்பியை அறுத்துப்போட்டது. மிஹ்லார் கேபிளைத் தூக்கிவந்து விறாந்தையில் வைத்து வெட்டினார். வெட்டிய இடத்தால் தண்ணீர் வடிந்தது. என் சிமெந்துத் தரையில் பச்சையும் கறுப்புமாகச் சொட்டியது. உள்ளே செம்பு உக்கிப்போய், தொட்டால் மாவாக உதிர்ந்தது. இன்னும் கொஞ்சம் தள்ளி வெட்டினார், அங்கேயும் அதேதான்.

"அப்ப மீற்றர் ஏன் நல்லமெண்டு காட்டின?" என்று கேட்டேன்.

அவர் தலையை நிமிர்த்தவில்லை. "மேல போய்த் திரும்பி வாறதத்தான் அது அளக்கிற. போறதையும் வாறதையும் கேபிளே திண்டுட்டா, திரும்பி வர ஒண்டும் இரிக்காது. ஒண்டும் வராட்டி அது நல்லமெண்டுதான் காட்டும்."

புதுக் கேபிள் கட்டி, மூட்டுக்குப் பசை பூசி, கம்பியை ஏற்றினார். அஸருக்குப் பிறகு செட்டைப் போட்டதும் வீடு முழுக்க இரைச்சல் கொட்டியது. மீற்றர் முள் இரண்டுக்கும் மேலே ஆடியது. மிஹ்லார் மைக்கை எடுத்து, முதல் தடவையாகப் பெயர் சொல்லி அழைத்தார். "சவரிமுத்து மாஸ்டர், சவரிமுத்து மாஸ்டர், மிஹ்லார் கூப்பிடுறன்."

பதில் வந்தது. ஆனால் அது அக்குறணை றஊப். அதே பேண்டில் கதைக்கிறவர்.

"மிஹ்லார் நானாவா! இப்பவா வாறீங்க? மாஸ்டர் மௌத்தாகிட்டாரே. போன மாசம். நெஞ்சு வருத்தம்."

என் கையிலிருந்த தேத்தண்ணிக் கோப்பையை மேசையில் வைத்தேன். றஊப் தொடர்ந்தார்.

"ஒவ்வொரு நாளும் நீங்க கூப்பிடுவீங்க, லேசாக் கேக்கும். ஒங்கட செட் பெரிசு, அதாலதான் கேக்கும். மாஸ்டர்ட செட் சின்னது, அது ஒங்கட பக்கம் வந்திராது, எண்டாலும் அவர் ஒடனே பதில் சொல்லுவார். நீங்க ஒண்டும் பேசாம மூடிட்டுப் போயிருவீங்க. நானும் கூப்பிட்டுப் பாத்தன். 'மிஹ்லார் நானாக்கு நீங்க பேசுறது கேக்கல்ல போல' எண்டு மாஸ்டர்ட்டச் சொன்னன், போன் நம்பர் தேடவான்னும் கேட்டன். வாணாம், அவருக்குக் கோவம், கோவம் போகட்டும் எண்டார்."

"அவர் பதில்ல என்ன சொல்லுவார்?" மிஹ்லாரின் குரல் எனக்கே கேட்கவில்லை. இரண்டாம் தடவை கேட்டார்.

"ஒரே கததான் நானா. 'ஒங்க கேபிள் சரிதான் மிஹ்லார், என் காதுதான் கெட்டுப்போச்சு, ஒரு வார்த்த சொல்லுங்க.' மௌத்தாகிறதுக்கு முந்தின நாளும் அதத்தான் சொன்னார்."

யா அல்லாஹ். உள்ளதை மட்டுமே சொல்கிற அந்த மனிதர், எங்கள் வீட்டுக்காகப் பொய் சொல்லியிருக்கிறார்.

"என்ட சத்தம் இப்ப எப்பிடி?" என்று மிஹ்லார் கேட்டார்.

"அம்பத்தொன்பது நானா. பக்கத்து வீட்டுல ஈக்கிற மாதிரி ஈக்கிது."

பள்ளிவாசலில் மஃரிப் வாங்கு தொடங்கியது. அவர் எழும்பவில்லை. தோளைத் தொட்டேன்.

"முள் ஒண்டிலதான் நிண்டது புள்ள" என்றார். "நான் அவருக்குப் பொய் சொல்லல்ல."

"ஓம், நீங்க பொய் சொல்லல்ல" என்றேன்.

வாங்கு முடிந்ததும் மைக்கின் பொத்தானை அழுத்தினார். "மாஸ்டர், கேபிள்தான் பிழை. உங்கட காது நல்ல காது." சொல்லிவிட்டு, மற்றவர் பேசுவதற்காகப் பொத்தானிலிருந்து விரலை எடுத்துக் காத்திருந்தார். றஊப் குறுக்கே வரவில்லை. இரைச்சல்தான் கேட்டுக்கொண்டிருந்தது. சத்தத்தைக் குறையுங்கள் என்று நான் சொல்லவில்லை.