கரண்டு வைத்த உடம்பு

கோவிந்தராசு நின்ற வாக்கிலேயே கஞ்சியை ஊற்றிக்கொண்டிருந்தபோது நர்ஸ் சைத்தூன் பீவி கொல்லைப் பக்கம் வந்துவிட்டாள். கர்ப்பமாயிருக்கும் அவன் மனைவி அம்சவல்லியைப் பார்க்க, மாதம் ஒரு முறை குடவாசலிலிருந்து வந்து, வாசலோடு திரும்பிவிடுகிறவள். மாட்டுக் கொட்டகையில் கோரைப்பாய் போட்டு ரெங்கம்மாள் கிடந்தாள். தலைமாட்டில் ஒரு கொட்டாங்கச்சி. கஞ்சி அதில்தான் மேலேயிருந்து விழுந்துகொண்டிருந்தது.

“யாரு இவங்க?”

“எங்க ஆத்தாங்க. கர்ப்பப்பையில புத்து. பட்டணத்துல கரண்டு வச்சு அனுப்புனாங்க.”

“அதுக்கு ஏன் இங்க கெடக்காங்க?”

“வீட்ல புள்ளத்தாச்சி இருக்கு பாருங்க” என்றான். விவரம் தெரிந்தவன் என்கிற மிடுக்கு குரலில் இருந்தது.

மிடுக்கு இருக்காதா? தெருவிலேயே எட்டாவது வரை படித்தவன் அவன்தான். விவசாயக் கூலிகள் சங்கத்துக்கு மனு எழுதுவதெல்லாம் அவன்தான். ஆஸ்பத்திரியில் மூன்று நாள் ஆத்தாவை ஈயத் தட்டிக்குப் பின்னால் தனியாக வைத்திருந்ததையும், நர்ஸுகளே எட்ட நின்று பேசியதையும் கண்ணால் பார்த்தவன். ஊர் திரும்பியதும் தெருவைக் கூட்டி வைத்துச் சொன்னான்: யாரும் கிட்டே போகாதீர்கள், அவள் ஏனத்தைத் தொடாதீர்கள். நான்கு மாதமாகத் தெரு அப்படியே நடந்துகொண்டது.

சைத்தூன் பீவி அவன் மணிக்கட்டைப் பார்த்தாள். கல்யாணத்துக்குச் சங்கத் தோழர்கள் போட்ட பழைய கடிகாரம்.

“இது இருட்டுல மின்னுமா?”

“நல்லா மின்னும். மணி பாக்க வெளக்கே வேண்டாம்.”

“அந்த முள்ளுல பூசியிருக்கறது ரேடியம். ஒங்க ஆத்தாவுக்கு வச்ச கரண்டும் அதே ரேடியந்தான். மூணாம் நாளே எடுத்துட்டாங்க. எடுத்தப்பறம் அவங்க ஒடம்புல துளிகூடக் கெடையாது. ஒங்க கையிலதான் இருக்கு.”

அந்தக் கையைத்தான் தினமும் அம்சவல்லியின் வயிற்றின் மேல் போட்டுக்கொண்டு தூங்குகிறான்.

மூன்று வருஷத்துக்கு முன், கூலி நெல் தகராறு நடந்த அறுப்பில், டீக்கடையில் எங்கள் ஆட்களுக்கு மட்டும் ஏன் கொட்டாங்கச்சி என்று பெஞ்சில் ஏறி நின்று கேட்டவன். மிராசுதாரின் அடியாட்கள் மண்டையைப் பிளந்தார்கள். ஆறு தையல். அன்றைக்கு அவன் தலையை மடியில் போட்டு ரத்தம் துடைத்தவள் ரெங்கம்மாள். அவமானம் அவனைப் பிடுங்கித் தின்றது. சைத்தூன் பீவியை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

அவள் குனிந்து நாடி பார்த்தாள். “ரொம்ப நேரம் தாங்காது. உள்ள தூக்கிட்டுப் போங்க.”

தூக்கினான். வைக்கோல் கட்டின் கனம்கூட இல்லை. கூடத்தில் படுக்க வைத்து, அம்சவல்லி நீட்டிய எவர்சில்வர் டம்ளரை ஆத்தாவின் வாயில் வைத்தான்.

ரெங்கம்மாள் கண் திறந்து டம்ளரைப் பார்த்தாள். “இது அம்சவல்லி குடிக்கறதுல்ல? வேண்டாம்.”

“ஒண்ணும் ஆவாது ஆத்தா. நாந்தான் தப்பாச் சொல்லிட்டேன்.”

“நீ படிச்சவன். தப்பாவா சொல்லுவ?” மூச்சு வாங்கியது. “எட்டப் போ தம்பி. புள்ளய நெனச்சுக்க.”

உதட்டை இறுக்கிக்கொண்டாள். தண்ணீர் மோவாய் வழியாகக் கழுத்துக்கு ஓடியது. உச்சிப்பொழுதுக்கு முன்னாலேயே உயிர் போய்விட்டது.

தெருவே வந்தது. வந்தவர்கள் வேலியோரமாகவே நின்றுவிட்டார்கள். குளிப்பாட்டக் குடத்தில் தண்ணீர் தயாராக இருந்தும் ஒருத்தியும் வாசல் தாண்டவில்லை. பக்கத்து வீட்டு வைரக்கண்ணு தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“பொம்பளைங்க தொடலாமான்னு கேக்கறாங்க, ராசு.”

தொடலாம் என்று சொல்ல வாயெடுத்தான். தொடக்கூடாது என்று சொன்னதும் இதே வாய்தான். ஆத்தாவின் உதட்டில் பட்ட தண்ணீர் டம்ளரில் பாதி இருந்தது. அத்தனை பேரும் பார்க்க அதை எடுத்துக் குடித்தான்.