நாலு மூலை

பீடிப் புகையை வைத்து ஓர் இயந்திரத்தை மதிப்பிடுவது மனித அறிவுக்கே அவமானம் என்று கஸ்பார் எப்போதோ தீர்ப்பளித்துவிட்டான். பி.எஸ்ஸி. இரண்டாம் வருஷம் படிக்கிறவனின் தீர்ப்பு. அதற்கு மேல்முறையீடு கிடையாது. அப்பாவைச் சவப்பெட்டியில் வைக்கும்போது அவருக்குப் போடவேண்டிய கறுப்புக் கோட்டை மடியில் போட்டுக்கொண்டு, பை பையாக ஜெபமாலையைத் தேடினான். மூன்று பீடி, ஒரு தீப்பெட்டி, கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு சாக்பீஸ் கிடைத்தன.

"கெட்ச்சிதாடா?" என்று கூடத்திலிருந்து அம்மா இருதயம்மாள் கேட்டாள்.

"இல்லம்மா."

பொருள்கள் அவன் சட்டைப்பைக்கு மாறின. கோட்டில் பீடியோடு ஒருவரை ராயபுரம் கல்லறைக்கு அனுப்ப முடியாது.

அப்பா அருள்பிரகாசம் துறைமுகத்தில் முப்பது வருஷம் மேஸ்திரி. கப்பல்களின் குளியலறையிலும் சமையலறையிலும் எக்ஸாஸ்ட் ஃபேன் பொருத்துவார்கள்; அது தேறுமா தேறாதா என்று சொல்வது அவர் வேலை. கதவைச் சாத்திக்கொள்வார். பீடியைப் பற்றவைத்து மூலையில் குந்துவார். புகை ஃபேன் பக்கம் சாய்ந்தால் அடுத்த மூலை. நாலு மூலையும் சரியென்றால் சுவரில் சாக்பீஸால் ஒரு டிக். ஒரு மூலை தவறினாலும் அன்று சாயங்காலத்துக்குள் ஃபேன் சுவரைவிட்டு இறங்கிவிட வேண்டும். நெஞ்சு கெட்டு, டாக்டர் பீடியைத் தடை செய்த பிறகும் இதற்கு மட்டும் விதிவிலக்கு உண்டு. "அணையாம இருக்க ஒரே ஒரு இழுப்பு" என்பார். அம்மா நம்பியதில்லை.

கஸ்பார் இதைக் கல்லூரி ஹாஸ்டலில் நடித்துக் காட்டுவான். குந்தி, கண்ணைப் பாதி மூடி, "மூணாவது மூலை பெயிலு" என்பான். ஒவ்வொரு தடவையும் ஹாஸ்டல் அதிரும்.

பின்கட்டில் அத்தை ரோசியின் குரல் உயர்ந்தது. "எழவு வூட்டுக்கு யாராவது ஏணி எத்துனு வருவாங்களா? இன்னாயா இது?"

கஸ்பார் போய்ப் பார்த்தான். குளியலறை வாசலில் அமீருதீன் நின்றிருந்தார், தோளில் ஏணியும் கையில் திருப்புளியுமாக. அப்பாவிடம் பதினோரு வருஷம் வேலை பார்த்தவர். வெந்நீரில் குளித்தால் ஆவியில் மேஸ்திரிக்கு மூச்சு முட்டுகிறது என்று கேள்விப்பட்டு, மூர் மார்க்கெட்டில் ஒரு ஃபேனைத் தேடி வாங்கி, போன சனிக்கிழமை இந்த வீட்டுக் குளியலறையில் பொருத்தியவரும் அவரே. சிமெண்டு காயட்டும் என்று அப்பா வியாழக்கிழமை வரை பொறுத்தார். பிறகு பீடியைப் பற்றவைத்து நின்றபடியே பார்த்தார். "ஓடுது. இழுக்கல" என்றார். அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை விடியும் முன்பே அவர் மூச்சு நின்றுவிட்டது.

"கயட்டினு பூட்றேன் தம்பி" என்றார் அமீருதீன். "மேஸ்திரி பெயிலுன்னு சொன்ன சாமான் மறுநா வரைக்கும் செவுத்துல இருந்ததே இல்ல. நேத்தே எறக்கிருக்கணும். மனசு வர்ல."

"வுடுண்ணே. பீடி சொன்னா ஆச்சா?"

"அப்டிப் பேசாத. எனுக்கு ஒருதபா கூட அவுரு மொத பார்வையில டிக் போட்டதில்ல. எதுனா ஒண்ணு சொல்வாரு, திருப்பிச் செய்வேன். இதுக்காச்சும் டிக் போடுவாருன்னு நெனச்சேன். அவுருக்குன்னே செஞ்சது..." திருப்புளியைக் கை மாற்றிக்கொண்டார். "அதுலயே அவுருக்கு மூச்சு முட்டிச்சின்னா நான் இன்னா மனுசன்?"

"டாக்டர் நெஞ்சுன்னுதாண்ணே சொன்னாரு."

"டாக்டரு சொல்வாரு."

கஸ்பார் சுவிட்சைப் போட்டான். ஃபேன் ஒழுங்காகச் சுற்றியது. வெளியே போகிற காற்றுக்கு ஈடாக உள்ளே காற்று வந்தாக வேண்டும், வழியில்லாவிட்டால் ஃபேன் வெறுமனே சுற்றும் என்று அமீருதீனுக்கு எளிய முறையில் விளக்க வாயைத் திறந்தான். அப்போது அவன் பார்வை கதவின் அடிப்பக்கம் போயிற்று.

வாய் மூடிக்கொண்டது.

லீவுக்கு ஹாஸ்டலிலிருந்து வந்தால் அந்தக் கதவுக்கு முன்னால் பாய் விரித்துத்தான் அவன் படிப்பான். ஃபேன் வந்த மறுநாள், யாரோ குளிக்கப் போய் சுவிட்சைப் போட்டதும் அவன் நோட்டுத் தாள்கள் ஒவ்வொன்றாக நகர்ந்து கதவடிச் சந்துப் பக்கம் போயின. படிப்புக்கு இடைஞ்சல். ஒரு கித்தான் துணிப் பட்டையைக் கிழித்து, கதவின் வெளிப்பக்கம் தரையைத் தொடும்படி வைத்து, சின்ன ஆணிகளால் அறைந்தான். ஓர் அங்குலத்துக்கு ஓர் ஆணி. நல்ல வேலை. காற்று நூலளவும் போகாது.

"அந்தத் திருப்புளியக் குடுண்ணே."

குந்தி ஒவ்வோர் ஆணியாக நெம்பினான். கித்தான் கையோடு வந்தது. சந்து தெரிந்தது.

"இத்த யாரு அடிச்சது?" என்றார் அமீருதீன்.

"நான்தான்."

"எப்போ?"

"ஞாயித்துக்கெழம."

அமீருதீன் கித்தானைப் பார்த்தார். அவனைப் பார்க்கவில்லை. "மேஸ்திரி எந்தக் கப்பல்ல ஏறினாலும் மொதல்ல குனிஞ்சி கதவடியத்தான் பாப்பாரு."

"அன்னிக்கி அவரால குனிய முடியலண்ணே."

அமீருதீன் தோளிலிருந்த ஏணியை இறக்கிச் சுவரில் சாய்த்தார்.

கஸ்பார் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். பீடி இரண்டு தடவை அணைந்தது. மூன்றாவது தடவை ஓர் இழுப்பு இழுக்க வேண்டியிருந்தது, இருமினான். கதவோர மூலையில் குந்தி, கையை முழங்காலில் ஆடாமல் வைத்துக்கொண்டான். புகை ஒரு கணம் தயங்கியது. பிறகு மெலிந்து, கோடு போல ஃபேனை நோக்கிப் போயிற்று. அடுத்த மூலைக்கு நகர்ந்தான். அங்கேயும் போயிற்று.

"டேய் கஸ்பாரு!" அம்மா கதவைத் தட்டினாள். "ஜெபமால என் கையிலயே சுத்தினு கீதுடா, நான்தான் பாக்கல. பெட்டி வந்துச்சி, சாமியாரும் வந்துட்டாரு. உள்ள இன்னா பண்றே?"

கஸ்பார் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தான். சாக்பீஸ் இருந்தது.

"ரெண்டு மூல பாக்கி கீதும்மா" என்றான். கண்ணைப் பாதி மூடிக்கொண்டு மூன்றாவது மூலையில் குந்தினான்.