காது கேட்ட வேலை

லிஃப்ட் பராமரிக்கும் அந்த நிறுவனத்தில் அவளை எல்லோரும் ‘காது’ என்றுதான் கூப்பிடுவார்கள். மோட்டார் ஓடுகிற சத்தத்தை வைத்தே எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவாள். பழுது பிடிபடாமல் மற்ற மெக்கானிக்குகள் தலையைப் பிய்த்துக்கொள்ளும்போது, “காதைக் கூப்பிடுங்கப்பா” என்பார்கள்.

போட்டி நிறுவனம் அவளைக் கூப்பிட்டிருக்கிறது என்று காற்றுவாக்கில் தெரிந்ததும் மேலாளர் அம்மாவுக்குப் பகீரென்றது. இரண்டு வருடத்தில் மூன்று நல்ல ஆட்கள் போய்விட்டார்கள். மூவரிடமும் கடைசி நாளில் பூச்செண்டு கொடுத்து, “ஏன் போறீங்க?” என்று கேட்டவர் அவர்தான். இருப்பவர்களிடம் அப்படி உட்கார்ந்து எதையும் கேட்டதில்லை. வருடாந்திர மதிப்பீடு என்று ஒரு படிவம் உண்டு. பத்து நிமிடத்தில் வரிசையாக டிக் போட்டு, “நல்லா பண்ற, இப்படியே போ” என்று அனுப்பிவிடுவார்.

மறுநாள் காலை ஒரு கட்டிடத்தின் பன்னிரண்டு மாடி ஏறி, உச்சியில் காது வேலை பார்த்துக்கொண்டிருந்த லிஃப்ட் மோட்டார் அறைக்கே போனார். ஸ்பானர் பெட்டியின் மேல் உட்கார்ந்தார்.

“சம்பளம் பேச வரல. இன்னும் மூணு வருஷத்துல நீ என்னவா இருக்கணும்னு நினைக்கிற?”

காது கையிலிருந்த கிரீஸைத் துணியில் துடைத்தாள். துடைத்து முடித்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

“ஏழு வருஷமா யாரும் கேக்கல அக்கா. நான் லிஃப்ட் பாதுகாப்பு ஆய்வாளர் ஆகணும். இந்தக் கம்பிக் கயித்தை மாத்துங்கன்னு மெக்கானிக் சொன்னா, அடுத்த மாசம் பாக்கலாம்பாங்க. ஆய்வாளர் சொன்னா லிஃப்ட்டையே நிறுத்துவாங்க.”

“அதை ஏன் என்கிட்ட சொல்லல?”

“சொன்னா விடுவீங்களா?”

ஆய்வுப் பிரிவு அதே நிறுவனத்தில் இருந்தாலும் வேறொருவரின் கீழ் இருந்தது. காது அங்கே போனால் மேலாளருடைய அணிக்கு வலது கை போன மாதிரி.

வீட்டில் இதைச் சொன்னபோது கணவர் சிரித்தார். “இருக்கிறதுலயே கெட்டிக்காரியை நீயே தூக்கிக் குடுக்கப்போறியா?”

“குடுக்கலன்னா மட்டும் இருப்பாளா?” என்றார் மேலாளர்.

அன்றிலிருந்து மாதத்தின் முதல் திங்கட்கிழமை அரைமணி நேரம் காதுக்கு என்று ஒதுக்கினார். ஆய்வுப் பிரிவுத் தலைவரிடம் நடையாய் நடந்து, வாரம் ஒருநாள் அவளை ஆய்வாளர்களோடு அனுப்ப ஏற்பாடு செய்தார். முதல் தடவை எழுதிய ஆய்வாளர் தேர்வில் காது தோற்றாள். மின்சுற்று வரைபடங்கள் காலை வாரிவிட்டன. “எனக்கு இதெல்லாம் ஒத்துவராது” என்று முகத்தைத் தொங்கப்போட்டவளிடம், “எந்தப் பக்கம் புரியல, காட்டு” என்று தன் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். போட்டி நிறுவனம் இன்னும் இரண்டு முறை கூப்பிட்டது. காது பிடி கொடுக்கவில்லை. அடுத்த தேர்வில் தேறினாள்.

ஆய்வாளராக அவளுக்கு முதலில் வந்த வேலை, ஒரு ஆஸ்பத்திரியின் ஸ்ட்ரெச்சர் லிஃப்ட். அதைப் பராமரித்தது மேலாளருடைய அணி. பிரேக் ஒரு விரல்கடை வழுக்குகிறது என்று அறிக்கை எழுதிவிட்டு, பாதுகாப்புச் சான்றில் கையெழுத்துப் போட காது மறுத்தாள். லிஃப்ட் நின்றது.

நிறுவனத்தின் பெரிய அதிகாரி மேலாளரிடம் போனில் பொரிந்து தள்ளினார். “நீங்க வளர்த்த பொண்ணு, உங்களுக்கே வேட்டு வெச்சிருக்கு.”

“அவ சொன்னா சரியாத்தான் சார் இருக்கும். இன்னிக்கே பிரேக்கை மாத்திடறோம்” என்றார் மேலாளர். திட்டு வாங்குகிறவரின் குரலாக அது இல்லை. போனை வைத்ததும், அந்த அறிக்கையை இன்னொரு முறை எடுத்து, அடியில் இருந்த அவள் பெயரையும் பதவியையும் நிதானமாகப் படித்தார். நெஞ்சு நிறைந்திருந்தது.

கதவருகே இரண்டு மெக்கானிக்குகள் தயங்கி நின்றார்கள். பிரேக் விஷயமாகத்தான் வந்திருக்கிறார்கள் என்று நினைத்தார்.

“அந்தத் திங்கக்கிழமை அரைமணி நேரம்...” என்று இழுத்தார் மூத்தவர். “எங்களுக்கும் உண்டா மேடம்?”

மேலாளர் எதிரே இருந்த இரண்டு நாற்காலிகளைக் காட்டினார்.