கால் சுற்று அதிகம்

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு கராஜில் இருந்தவர்கள்: கோல்பி, அதாவது நான். என் அக்கா டானெட். அவள் புருஷன் ஆர்லன். இவர்களோடு பெஞ்சின் மேல் டானெட்டின் துப்பாக்கி, பிளாஸ்டிக் பெட்டியில், சுட்ட குப்பிகளிலேயே மறுபடி மருந்து போட்டு ஆர்லன் நிரப்பிய நாற்பது தோட்டாக்கள், முந்தின நாள் அவள் குறி சரிபார்க்கச் சுட்ட பத்துத் தோட்டாக்களின் காலிக் குப்பிகள். குப்பிகள் ஒரு பழைய பீச் டப்பாவில் கிடந்தன.

முதலில் நான் மட்டும்தான் இருந்தேன். உருளைக்கிழங்கு ஆலையில் எனக்கு இரவு வேலை. அவர்கள் வீட்டுப் பின்புறம் நிற்கும் டிரெய்லரில் இருக்கிறேன். மூன்றரைக்கு எழுந்து, ஸ்பேனர் ஒன்றைத் தேடி கராஜுக்கு வந்தேன். டப்பாவில் இருந்த குப்பி ஒன்றை சும்மா கையில் எடுத்தேன். அடிப்பாகத்துக்குச் சற்று மேலே, சுற்றிலும் பளிச்சென்று ஒரு வளையம்.

தூக்கம் போய்விட்டது. காகித கிளிப் ஒன்றை நிமிர்த்தி, முனையை மட்டும் கொக்கி மாதிரி வளைத்து, குப்பிக்குள் விட்டு உள்சுவரை வருடினேன். வளையம் இருந்த இடத்தில் கொக்கி சிக்கியது. அடுத்த குப்பியிலும் சிக்கியது. பத்தில் ஏழு.

சுட்ட குப்பி உப்பிவிடும். மசகு தடவி, பிரஸ்ஸில் மாட்டிய டை என்கிற அச்சுக்குள் அழுத்தித்தான் அதைப் பழைய அளவுக்குக் கொண்டு வருகிறோம். டையை அதிகம் இறக்கி வைத்தால் குப்பியின் தோள், அதாவது கழுத்துக்குக் கீழே சரியும் பகுதி, தேவைக்கு மேல் இறங்கிவிடும். அடுத்த முறை சுடும்போது, இறங்கிய தூரத்துக்கு குப்பி நீளும். நீள்வதற்கான பித்தளை அடிப்பக்கச் சுவரிலிருந்து போகிறது. நாலைந்து முறை இப்படி நடந்தால் அடி தனி, உடம்பு தனி. உள்ளே எரியும் வாயு பின்னால் பாயும். துப்பாக்கிக்குப் பின்னால் இருப்பது சுடுகிறவரின் கன்னமும் கண்ணும்.

நாளை விடியலில் வேட்டைப் பருவம் திறக்கிறது. கொம்பு வைத்த எல்க் மானுக்கான சீட்டு, ஒன்பது வருடம் விண்ணப்பித்த பிறகு, குலுக்கலில் டானெட்டின் பெயருக்கு விழுந்திருந்தது.

ஆர்லன் ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தான்.

"டைய யாரு இறக்கினது?" என்றேன்.

"நான்தான். ஏன், உங்கிட்ட மனு போடணுமா?"

"டைய நிறுத்தி வெச்ச லாக் நட்டத் தொடாதன்னு சொல்லித்தானே குடுத்தேன்?"

"நீ வெச்ச அளவுல அவ துப்பாக்கியோட போல்ட் மூடலப்பா. உள்ளங்கையால குத்து குத்துன்னு குத்தணும். அதான் டைய பிரஸ்ஸோட அடித்தட்டத் தொடுற வரைக்கும் இறக்கி, அதுக்கு மேல ஒரு கால் சுத்து. இப்ப விரலால தள்ளினா போதும், பொத்துன்னு உள்ள போகுது."

"லொடலொடன்னு இருந்தா போகாம என்ன செய்யும்? எத்தன தடவ இந்தக் குப்பிங்கள நிரப்பியிருக்க?"

"அஞ்சு. போன வருஷத்துலேந்து. ஒண்ணுகூட மக்கர் பண்ணல."

"மசகு வேற! குளிப்பாட்டி வெச்சிருக்க. பெட்டில இருக்கற தோட்டாங்க தோள்ல பூரா பள்ளம்."

"கம்மியா தடவினா டைக்குள்ள சிக்கிக்கிச்சின்னு கத்தின. அதிகமா தடவினா பள்ளம்னு கத்தற. உனக்குக் கத்தணும், அவ்வளவுதான்."

அது உண்மைதான். முதல் தடவை அவன் மசகே போடாமல் அழுத்தி ஒரு குப்பியை டைக்குள் இறுக்கிவிட்டான். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அதை டிரில் போட்டு எடுத்தேன். அந்தக் கோபமும் இப்போது சேர்ந்துகொண்டது.

சத்தம் கேட்டு டானெட் வந்தாள். கையில் கம்பளிக் காலுறைகள்.

"என்ன இங்க?"

"உன் தம்பிக்குக் கெட்ட கனவு," என்றான் ஆர்லன். "காலேஜ ரெண்டு வருஷத்துல விட்டுட்டு ஓடினவர், எனக்கு கிளாஸ் எடுக்கறாரு."

ஒரு குப்பியை வைஸில் இறுக்கி, ரம்பத்தால் நீளவாக்கில் அறுத்தேன். பித்தளைத் தூள் என் முழங்கையில் ஒட்டியது. இரண்டு பாதியையும் அவள் உள்ளங்கையில் வைத்தேன். சுவர் எல்லா இடத்திலும் கனமாகத்தான் இருந்தது. அடிக்கு மேலே ஒரு கோட்டில் மட்டும் காகித அளவுக்கு இளைத்திருந்தது.

அவள் காலுறைகளை பெஞ்சில் போட்டாள். கிளிப்பைக் கேட்டு வாங்கி, மீதி ஒன்பதையும் தானே வருடிப் பார்த்தாள். சிக்கியவையெல்லாம் இடப்பக்கம் போயின. வலப்பக்கம் மூன்று.

"நேத்து பத்து சுட்டியே, ஏதாவது ஆச்சா?" என்றான் ஆர்லன். "நாளைக்கு எத்தன சுடப் போற? மிஞ்சிப் போனா மூணு. மூணு தாங்கும்."

"யாரு கன்னத்த வெச்சு இந்தக் கணக்கு?" என்றாள் டானெட்.

"இல்ல டானெட், டவுன்ல இந்த சைஸ் தோட்டா ஒரு கடையிலயும் கெடையாது. நாலு கடைக்கு போன் போட்டேன். இன்னொரு சீட்டு விழ இன்னும் ஒன்பது வருஷம் நிப்பியா?"

"கண்ணு இருந்தா நிப்பா," என்றேன்.

"நீ வாய மூடு. இரு, பின்னாடி வயல்ல நானே ஒண்ணு சுட்டுக் காட்டறேன்." பெட்டியிலிருந்து ஒரு தோட்டாவை எடுத்துக்கொண்டு துப்பாக்கி மேல் கை வைத்தான்.

டானெட் அவனுக்கு முன்னால் போய் போல்ட்டைப் பின்னுக்கு இழுத்து, உருவி, ஜீன்ஸ் பாக்கெட்டில் செருகினாள். "அத வெய்யி."

அவன் தோட்டாவைப் பெட்டியில் வைத்தான். வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினான்.

"எல்லாம் என் தலையிலயா? டைய உன் துப்பாக்கிக்கு அளவு வெச்சு எங்கிட்ட நீட்டின. அவ துப்பாக்கிக்குள்ள குப்பி போகுதா போகலையான்னு ஒரு தடவ கேட்டியா? தூக்கக் கலக்கத்துல கதவ அரையடி தெறந்து, 'தொடாத'ன்னு ஒரு வார்த்த. தொடாம எப்படிடா அவ சுடுவா?"

அவன் சொன்னது சரிதான். அதனால் சத்தமாகக் கத்தினேன். முட்டாள் என்றேன், கொலைகாரன் என்றேன், இன்னும் அசிங்கமாகவும் சொன்னேன். அவன் ஐஸ் பெட்டியை எட்டி உதைத்துவிட்டு பெரிய ஷட்டர் வழியாக வெளியே போனான். டிரக் கிளம்பிப் போகும் சத்தம் கேட்டது. டானெட் போய் ஷட்டரை இறக்கிவிட்டு வந்தாள்.

"உங்கிட்ட நல்ல குப்பி இருக்கா?"

"இருவது இருக்கு. ஒரே தடவ சுட்டது. ஆனா என் துப்பாக்கில சுட்டது."

"அப்ப டைய என் துப்பாக்கிக்கு வெய்யி."

டையை நன்றாக மேலே ஏற்றினேன். ஆட்டுரோமக் கொழுப்பு மசகை இரண்டு விரலில் தொட்டு, குப்பியின் உடம்பில் மட்டும், ஈரம் தெரிகிற அளவுக்குப் பூசினேன். தோளில் படவிடவில்லை. பிரஸ்ஸின் கைப்பிடியை இறக்கி, துடைத்து, அவளிடம் கொடுத்தேன். அவள் போல்ட்டைத் திரும்ப மாட்டி, காலிக் குப்பியை உள்ளே விட்டுப் பார்த்தாள். மூடவில்லை. மயிரிழை இறக்கினேன். மூடவில்லை. நான்காம் முறை, இறுக்கத்தோடு மூடியது. ஐந்தாம் முறை போல்ட்டின் கைப்பிடி, லேசான உரசலோடு, தன் கனத்திலேயே கீழே விழுந்தது. லாக் நட்டை இறுக்கினேன்.

கை வேலை செய்த நேரமெல்லாம் வாயும் ஓய்வில்லை. அவன் சோம்பேறி என்றேன். அவனோடு எப்படிக் குடும்பம் நடத்துகிறாய் என்றேன். மீதிக் குப்பிகளுக்குக் கையை நீட்டினேன்.

"போதும்," என்றாள். "மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

"நீயா?"

"கல்யாணத்துக்கு முன்னாடி எனக்கு எவன்டா தோட்டா நிரப்பிக் குடுத்தான்? நானேதான் நிரப்பினேன். அவன்தான் 'எனக்கு இது புடிச்சிருக்கு, நான் செய்யறேன்'னு வாங்கிக்கிட்டான்." நாற்பது தோட்டா இருந்த பெட்டியைக் காலால் பெஞ்சுக்கு அடியில் தள்ளினாள். "அடுத்தவன் நிரப்பின தோட்டாவ சுடாதன்னு ஊர்ல எல்லாருக்கும் சொல்றோம். புருஷன் அடுத்தவன் இல்லன்னு நெனச்சேன். இத ஞாயித்துக்கெழம அவன் கண்ணு முன்னாடி ஒண்ணொண்ணா பிரிப்பேன்."

"சரி, பிரி. இப்ப நகரு. எட்டு மணிக்கு எனக்கு வேல. அதுக்குள்ள நானே இருவதையும்..."

"நீயும் அடுத்தவன்தான்."

"டானெட், இது என் பிரஸ்."

"இது என் கராஜ். மூஞ்சியும் என்னுது. வெளிய போ."

அவள் என் தோளைப் பிடித்துத் திருப்பினாள். அவள் கையிலும் மசகு. சட்டையில் ஒட்டியது. பக்கவாசல் படியில் இறங்கி, மறுபடி ஏதோ சொல்லத் திரும்பினேன். கதவு முகத்துக்கு நேரே சாத்திக்கொண்டது. உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது. அதற்கு மேல் சாவியும் ஒரு முறை சுற்றியது.