அசைத்தால் திறக்கும் பெட்டி

ஆபீசில் மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டு வந்தபோது மூட்டைப்பூச்சி என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். நாங்கள் எழுதும் செயலிகளைச் சோதித்துப் பார்ப்பது அவள் வேலை. எந்த இடுக்கில் பிழை ஒளிந்திருந்தாலும் தேடிப் பிடித்துவிடுவாள் என்பதால் அந்தப் பெயர். அவளும் அதைப் பட்டம்போலச் சொல்லிக்கொள்வாள்.

“இங்க பாருடி, ஒருத்தர் ரெண்டு நாளா நம்மகிட்ட பேசிக்கிட்டே இருக்காரு,” என்று திரையைக் காட்டினாள்.

குழுவுக்குப் பிழைச் செய்திகள் வந்து விழும் பக்கம் அது. வழக்கமாக, பொத்தான் வேலை செய்யவில்லை, திரை உறைந்துவிட்டது என்று இருக்கும். இப்போது இப்படி இருந்தது: ‘கோளாறு ஒண்ணும் இல்லப்பா, கைதான்.’ அதற்குக் கீழே: ‘சட்டை பட்டன் போட்டுக்கிட்டு இருந்தேன். தப்பா நெனச்சுக்காதீங்க.’ அதற்கும் கீழே: ‘காலையிலேருந்து கொஞ்சம் அதிகம். விசாரிச்சதுக்கு நன்றி.’

“இதப் பிழைன்னு எடுத்துக்கட்டுமா, வேணாமா?” என்றாள்.

“என் மாமனாருடி,” என்றேன். அவள் முகத்திலிருந்த சிரிப்பு அடங்கியது.

மாமா துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். உயரத்தில் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்துகொண்டு, வீட்டளவு இரும்புப் பெட்டியை லாரியின் மேல் சத்தமில்லாமல் இறக்கி வைத்த கை அவருடையது. ஓய்வு பெற்ற பிறகு அந்தக் கை ஆடத் தொடங்கியது. டாக்டர் அதற்கு ஒரு பெயர் சொல்லி மாத்திரை கொடுத்தார். அன்றிலிருந்து வீட்டில் எல்லோரும் மிகவும் நாகரிகமாகிவிட்டோம். டீ சிந்தினால் யாராவது பேச்சை நிறுத்தாமலே துடைத்துவிடுவோம். அவர் கரண்டியை எடுக்கும்போது எங்கள் கண்கள் டிவிக்குப் போய்விடும். வெளிநாட்டில் இருக்கும் என் நாத்தனாரிடம் எதுவும் சொல்லக் கூடாது என்று அவர் கேட்டுக்கொண்டார்; சொல்லவில்லை. அவளுக்குக் குழந்தை பிறந்தது; வீடியோவில் முகம் பார்த்துப் பேச வாருங்கள் என்று தினமும் கெஞ்சினாள். இவர் நெட் சரியில்லை என்று குரலோடு நிறுத்திக்கொண்டார். பேத்தி அசைவதை இன்னும் பார்த்ததில்லை. அவள் அனுப்பிய படங்களில்தான் பார்த்தார்.

என் கணவர்தான் அப்பாவுக்குப் புதுப் போன் வாங்கி வந்தார். பிடிக்கிற கை ஆடினாலும் இதன் கேமரா படத்தை ஆடாமல் காட்டும் என்றார். புதுப் போன்களைப் பற்றி என் தொழிலில் இருப்பவர்களிடம் நல்ல வார்த்தை எதிர்பார்க்கக் கூடாது. வருஷத்துக்கு ஒரு கேமராக் கண் கூடும், ஓரம் கொஞ்சம் வளையும்; நாங்கள் எல்லாத் திரைகளையும் பிரித்து மறுபடி அளவெடுத்துத் தைக்க வேண்டும். ஆனால் இந்தப் போனைத் திட்டும் உரிமையை நான் விட்டுக்கொடுத்துவிட்டேன்.

படம் ஆடாது, சரி. விரல் ஆடுமே. ஒரு பெயரைத் தொடப் போய் மூன்று பெயரைத் தொட்டுவிடுவார். அதற்காகத்தான் அவர் போனுக்கென்று ஒரு முகப்புத் திரை எழுத உட்கார்ந்தேன். விரல் எங்கெங்கே பட்டாலும், அதிக நேரம் எந்த இடத்தில் நின்றதோ அதையே அவர் நினைத்ததாக எடுத்துக்கொள்ள வேண்டும். பழைய முறையில் ஒரு மாதமாவது பிடித்திருக்கும். ஆபீசில் புதிதாக வந்திருக்கும் நிரல் எழுதும் ஏஐ கருவியிடம் கேட்டேன். அதன் மேல் எனக்குப் பெரிய மதிப்பு இருந்ததில்லை. எதைச் சொன்னாலும் ஆகட்டும் என்னும், தெரியாததையும் தெரிந்த முகத்தோடு சொல்லும், நேற்று சேர்ந்த மாப்பிள்ளை மாதிரி. ஆனாலும் சனி ஞாயிறுக்குள் வேலையை முடித்துக் கையில் கொடுத்தது. நான் கேட்டு அது எழுதிய ஒவ்வொரு வரியையும் படித்துத் திருத்தினேன். அடியில் இருந்த, எங்கள் செயலிகளுக்கெல்லாம் பொதுவான ஆபீஸ் சட்டகத்தை மட்டும் படிக்கவில்லை. எங்கள் வீட்டுச் சுவரை நாங்களே பார்ப்போமா?

அந்தச் சட்டகத்தில்தான் பெட்டி இருந்தது. சோதனைக்குப் போகும் எங்கள் செயலி எதுவானாலும், போனைப் பிடித்து ஆட்டினால் ‘என்ன கோளாறு?’ என்று திரையில் ஒரு பெட்டி திறக்கும். பேசினால் எழுத்தாக்கிக் குழுவுக்கு அனுப்பிவிடும். கை நடுங்குகிற மனிதருக்கு, ஆட்டினால் திறக்கும் பெட்டியைக் கொடுத்திருக்கிறேன்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே சொன்னேன். “மாமா, அந்தப் பெட்டி நாங்க ஆபீசுக்காக வெச்சது. எடுக்காம விட்டுட்டேன். இப்பவே எடுத்துடறேன்.”

ஜன்னலோரம் இருந்தவர் திரும்பினார். “அப்ப ஆபீஸ்ல எல்லாரும் படிச்சாங்களா?”

“ஒருத்தி படிச்சா.”

“சிரிச்சாளா?”

“மொதல்ல. அப்புறம் சிரிக்கல.”

“பதில் நல்லாப் போடுதும்மா. ‘தெரிவித்ததற்கு நன்றி, விரைவில் சரிசெய்வோம்’னு. டாக்டர்கூட அப்படி வாயத் தொறந்து சொன்னதில்ல.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். பிறகு கையை மடியில் வைத்து, மற்ற கையால் மூடிக்கொண்டார்.

“எடுத்துத்தான் ஆகணுமா? மொதல்ல எரிச்சலாத்தான் இருந்துச்சு. ஆடின ஒடனே என்ன கோளாறுன்னு கேக்குதேன்னு. அப்புறம் பாத்தா, இந்த வீட்ல அது ஒண்ணுதான் கேக்குது. நீங்கள்ளாம் நல்லவங்க, டிவியப் பாத்துடுவீங்க. அதுகிட்டச் சொல்லிச் சொல்லி எனக்கும் வாய் பழகிடுச்சு.”

நான் பெட்டியை எடுக்கவில்லை. செய்தி போய்ச்சேரும் இடத்தை மட்டும் என் போனுக்கு மாற்றினேன். பதிலில் ‘விரைவில் சரிசெய்வோம்’ என்பதை அழித்துவிட்டு நன்றியை விட்டுவைத்தேன். மடிக்கணினியை மூடிவிட்டு, அவருடைய கையைப் பார்த்தபடியே கேட்டேன். “இன்னிக்குக் கை எப்படி மாமா?”

“காலையில அதிகம். இப்பப் பரவால்ல,” என்றார், தினமும் கேட்கப்படுகிறவர்போல. பிறகு, “உன் நாத்தனாரக் கூப்பிடலாமா?” என்றார்.

போனைப் பிடித்துக்கொள்ளக் கை நீட்டினேன். “இரு, நானே,” என்றார். விரல் மகளின் பெயரைச் சுற்றி அலைந்தது. போன் பொறுத்திருந்து, சரியான பெயருக்கே அழைப்பு விட்டது. எழுதித் தந்த கருவிக்கு மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டேன்.

“அப்பா!” என்றாள் என் நாத்தனார். தோளில் குழந்தை. “எவ்ளோ தெளிவாத் தெரியறீங்க. நெட்டு சரியாயிடுச்சா?”

படம் கொஞ்சமும் ஆடவில்லை. ஆமாம் என்று சொல்லியிருந்தால் போதும். அவர் என்னை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

“நெட்டு எப்பவும் நல்லாத்தாம்மா இருந்துச்சு,” என்றார். “கைதான்.”

இடது கையில் போனைப் பிடித்து, கேமராவைத் திருப்பி, வலது கையை அதன் முன்னால் நீட்டினார். நகங்கள், மணிக்கட்டில் கிரேன் கம்பி கிழித்த தழும்பு, ரோமம்கூடத் தெளிவாகத் தெரிந்தது. சுற்றிலும் எதுவும் அசையவில்லை; கை மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் அவள் குழந்தையைத் தோளிலிருந்து இறக்கித் திரைக்குப் பக்கத்தில் கொண்டுவந்தாள். துணிக்குள்ளிருந்து ஒரு சின்னக் கை விடுபட்டு, எங்கே போவதென்று தெரியாமல் காற்றில் உதறிக்கொண்டது.