வண்டு விழாத மொச்சை

என் நாத்தனார் கன்னியம்மாவுக்கு அம்மன் மேல் பக்தி ஜாஸ்தி. அதில் கால்வாசி புத்தியும் இருந்திருந்தால் எங்கள் குடி இன்றைக்கு இப்படி நாசமாய்ப் போயிருக்காது.

சடையங்குப்பத்தில் கால்வாய் ஓரமாக நாங்கள் குத்தகைக்கு எடுத்திருக்கிற துண்டு நிலத்தில் மொச்சைதான் போடுவோம். திருவொற்றியூர் மார்க்கெட்டில் காயாகவே விற்றுவிடலாம். ஆனால் நமக்கு முன்னால் புழு சாப்பிட உட்கார்ந்துவிடும். பூ விட்டதும் அசுவினிப் பூச்சி அப்பிக்கொள்ளும், காய் பிடித்ததும் புழு துளைக்கும். என் வீட்டுக்காரர் ரகுபதி வருஷா வருஷம் முதுகில் பம்பைக் கட்டிக்கொண்டு மருந்தடித்தார். மூக்கில் ஒரு துணி கட்டமாட்டார். சொன்னால் கேட்கிற ஜென்மமா அது? கடைசியில் நெஞ்சு கெட்டது. நாலு அடி நடந்தால் மூச்சு விசில் அடிக்கிறது. இனி மருந்து வாடை பட்டால் ஆளையே பார்க்க முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

போன வருஷம் மருந்தே அடிக்கவில்லை. தோட்டம் மொத்தத்தையும் புழு தின்றது. வேலியோரம் ஒரே ஒரு கொடி மட்டும் தப்பித்து, கொத்துக் கொத்தாகக் காய்த்தது. எதிர் வீட்டு மதி விவசாயக் கல்லூரியில் படிக்கிறவள். வந்து காயைத் தடவிப் பார்த்தாள்.

"அத்த, இதும் மேல சொணை, பூன முடி மாரி, எப்டி கீது பாரு. பூச்சியால முட்டையே வைக்க முடியல. செடிக்கே அந்த சக்தி கீது. ஒண்ணு கூட துன்னுடாதீங்க, அத்தினியும் விதைக்கு வைங்க."

நாங்கள் ஒன்றுகூடத் தின்னவில்லை. முற்றவிட்டு, காயவைத்து, உரித்து வைத்தோம். மழையில் வெள்ளம் வந்து கொடி அழுகியது, விதை மட்டும் மிச்சம். ரகுபதி அதை டப்பாவில் போட்டு, வாயை மஞ்சள் துணியால் கட்டி, அம்மன் படத்துக்குக் கீழே வைத்தார். ஆடியில் விதைக்க வேண்டும். அடிக்கடி துணியை அவிழ்த்துப் பார்ப்பார். அடுக்களையில் இருந்த கடை மொச்சையில் வண்டு புகுந்து மாவாகக் கொட்டியது. இந்த டப்பாவில் ஒரு கொட்டையில்கூட ஓட்டை இல்லை. "மலரு, இனிமே பம்பு வாணாம்டி" என்று சிரிப்பார். அவர் சிரித்து நான் பார்த்தே ரொம்ப நாளாகியிருந்தது.

விதைக்கிற நேரம் பார்த்து அவருக்கு இளைப்பு முற்றியது. ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். கன்னியம்மாவை அவள் வீட்டிலிருந்து வரவழைத்து எங்கள் வீட்டுக்குக் காவல் வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவரை ஆட்டோவில் கூட்டிவந்து இறங்கினால், தெருவெல்லாம் கூழ் வார்த்துக்கொண்டிருந்தார்கள். கன்னியம்மா தூக்குவாளியோடு ஓடி வந்தாள்.

"அண்ணி, கூழுக்குத் தொட்டுக்க வச்ச கருவாட்டுக் கொயம்புல நம்ம வூட்டு மொச்சதான்! கோயிலுக்குன்னு நேத்து வூடு வூடா கேட்டுகினு வந்தாங்கோ. எல்லார் வூட்டு மொச்சயும் ஓட்ட. நம்ம டப்பாவுல ஒரு வண்டு இல்ல. மஞ்சத்துணி கட்டி ஆத்தாவுக்குன்னே வச்சிகினு கீறீங்கன்னு அப்டியே குட்த்துட்டேன்."

"அடிப்பாவி! அது விதைடி!"

கோயிலுக்கு ஓடினேன். கூழ் ஊற்றிக்கொண்டிருந்த எங்கள் தெரு மங்கையக்காவின் கையைப் பிடித்தேன். "மொச்ச எதுனா மிச்சம் கீதா? ஒரு பிடி போதும்கா!"

"ராத்திரியே ஊறப்போட்டு எல்லாம் வெந்துபோச்சேம்மா. பொறுக்கிப் போட்டது மட்டும் அதோ மொறத்துல கீது."

முறத்தில் இரண்டு கையையும் விட்டு அள்ளினேன். எல்லாம் ஓட்டை. மற்ற வீட்டுக் கொட்டைகள். ஒரு வண்டு என் உள்ளங்கையில் ஏறி ஊர்ந்தது. எங்கள் மொச்சையை ஒன்று விடாமல் பொறுக்கி எடுத்து, நல்லதென்று வேகவைத்துவிட்டார்கள். அங்கேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். எனக்கு அருள் வந்துவிட்டதென்று யாரோ வேப்பிலை கொண்டுவந்தார்கள்.

வீட்டுக்குத் திரும்பியபோது ரகுபதி குழம்பிலிருந்த மொச்சையை மென்றுகொண்டிருந்தார். கன்னியம்மா மூலையில் தேம்பிக்கொண்டிருந்தாள்.

"அவள திட்டாத மலரு. ஆத்தா கூழு, வாணாம்னு சொல்லக்கூடாது" என்றார். அப்புறம், "கடை விதைய வாங்கி ஊனிடலாம். பரண்ல அந்த பம்பு கீதா?"

"யோவ், சாவப் போறியா?"

"வேற இன்னா பண்றது, சொல்லு."

அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறப் போனார். ஏறுவதற்குள் விசில் கிளம்பிவிட்டது. அவரைத் தள்ளிவிட்டு நானே ஏறி பம்பை இறக்கினேன். காலியாகக் கிடந்தும் அதில் பழைய மருந்து வாடை போகவில்லை. அவர் இருமிக்கொண்டே வாசலுக்குப் போனார்.

"வாணாம்டி மலரு" என்றார் அங்கிருந்து.

பம்பை முதுகில் மாட்டிப் பார்த்தேன். அவர் அளவுக்கு விட்டிருந்த வார் எனக்குத் தொளதொளவென்று தொங்கியது. இழுத்து என் தோளுக்கு இறுக்கிக்கொண்டேன்.