ஒரு வாய் டீ

டம்ளரோடு உள்ளே வந்த அம்மாவை மகள் அறை வாசலிலேயே மறித்தாள்.

"டீயாம்மா? வேணாம். தொண்டையில இறங்காது. நுரையீரலுக்குள்ள போயிடும்."

"ஒரு வாய்தாண்டி. காலையிலேர்ந்து கேட்டுட்டே இருக்காரு."

"ஒரு வாயும் கூடாது."

கட்டிலில் கிடந்த அப்பா கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். லிஃப்ட் பழுது பார்த்தவர். மாடி மாடியாக ஏறி இறங்கிய உடம்பு, இரண்டாவது தடவை பக்கவாதம் வந்ததும் படுத்துவிட்டது. ஆஸ்பத்திரியில் கையை விரித்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

மகள் துணிக்கடையில் பில் போடுகிறவள். முதல் தடவை அப்பா விழுந்தபோது டாக்டர் சொன்னதில் பாதி அவளுக்கு விளங்கவில்லை. அந்த ரோஷத்தில்தான் இணையத்தில் இலவசமாக நடத்தும் மருத்துவப் பாடங்களில் சேர்ந்தாள். பஸ்ஸில் இயர்போனை மாட்டிக்கொண்டு மூளை, ரத்தக்குழாய், விழுங்கும் தசை என்று ஒன்றுவிடாமல் கேட்டாள். புரியாத இடத்தைத் திரும்பத் திரும்பப் போட்டாள். வீட்டில் உப்பு குறைந்தது, சர்க்கரை டப்பா பரணுக்கு ஏறியது. "எங்க வீட்டு டாக்டர் ஃபீஸ் வாங்க மாட்டா, வயித்துல மட்டும் அடிப்பா" என்று வருகிறவர்களிடமெல்லாம் அப்பா சொல்லிச் சிரிப்பார். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

இப்போது நாக்கு குழற, "டீ..." என்றார்.

"புரையேறிடும்பா. மூச்சு திணறும். கொஞ்சம் பொறுத்துக்குங்கப்பா."

பாடத்தில் காட்டியபடியே பஞ்சைத் தண்ணீரில் நனைத்து, பிழிந்து, அவர் உதட்டில் ஒற்றினாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"போற உசுருடி," என்றாள் அம்மா. "இனிமே என்ன ஆகிடப் போகுது?"

"போறதுன்னாலும் மூச்சு முட்டியா போகணும்?"

அம்மா டம்ளரை ஜன்னல் திட்டில் வைத்துவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்தாள். மகளுக்குத் தான் சொன்னது சரி என்று தெரியும். அப்பாவின் முகத்தைப் பார்க்கத்தான் தெம்பில்லை.

மதியத்துக்கு மேல் மூச்சு மாறியது. வேகவேகமாக வாங்கி, அப்படியே நின்று, மறுபடி தொடங்கியது. அந்த மூச்சுக்கு என்ன பெயர், அடுத்து என்ன ஆகும் என்பதெல்லாம் அவள் படித்திருந்தாள். வேலைக்குப் போயிருந்த அண்ணனுக்குப் போன் போட்டாள். அவன் வந்து சேரும்போது அப்பா இல்லை.

"கடைசியா ஏதாச்சும் சொன்னாராம்மா?"

"டீ கேட்டாரு."

அண்ணன் தங்கையைத் திரும்பிப் பார்த்தான்.

அவன் அக்கம்பக்கத்தில் சொல்லிவர வெளியே போனதும், அம்மா எழுந்து கட்டிலருகே கிடந்ததை ஒதுக்க ஆரம்பித்தாள். பஞ்சுக் கிண்ணத்தைக் கையில் எடுத்தவள் ஜன்னலைப் பார்த்தபடி நின்றுவிட்டாள்.

"ஏண்டி, இந்தப் பஞ்சை டீயில நனைச்சிருக்கலாமே?"

குத்திக்காட்டவில்லை. தோன்றியதைச் சொன்னாள், அவ்வளவுதான்.

பாடத்தில் தண்ணீரைத்தான் காட்டியிருந்தார்கள். டீ கூடாது என்று யாரும் சொல்லவில்லை. மகளுக்கும் தோன்றவில்லை.

போய் டம்ளரை எடுத்தாள். ஆறி, ஆடை படிந்திருந்தது. அம்மா சர்க்கரையைத் தாராளமாகவே போட்டிருந்தாள். அடியில் கரையாமல் கிடந்தது. ஆடையை விரலால் ஒதுக்கிவிட்டுப் பஞ்சை உள்ளே விட்டாள். அது டீயை உறிஞ்சிக்கொண்டு விரல்களுக்கிடையில் கனத்தது. பிழியாமல், அதை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள்.